காத்திருக்கும் வேலையைக் காட்டும் திரை

அலுவலகச் சுவரில் தொங்கும் திரை "90 வீதம் முடிந்தது" என்கிறது. போன கிழமையும் அதையேதான் சொன்னது. மென்பொருள் வேலையில் மொத்தம் எவ்வளவு என்பதே முன்கூட்டித் தெரியாது. எழுதத் தொடங்கிய பிறகுதான் மீதி கண்ணில் படும். ஆகவே 90 என்று பதிபவர் எதையும் அளந்து பதிவதில்லை, மனதில் பட்டதைப் பதிகிறார். இப்படி நிரப்பிய டாஷ்போர்ட் (வேலையின் நிலையைக் காட்டும் திரை) வத்தகைப்பழம் மாதிரி: வெளியே எல்லாம் சரி என்ற பச்சை, வெட்டினால் சிக்கலைச் சொல்லும் சிவப்பு.

யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய தரவு இரண்டே இரண்டு: ஒவ்வொரு வேலையும் தொடங்கிய திகதி, முடிந்த திகதி. பயனுள்ள வரைபுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே வந்துவிடும். ஆனால் "முடிந்தது" என்றால் என்ன? எழுதியவருக்குத் தன் கணினியில் ஓடினால் முடிந்தது. ரொறொன்ரோவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு, அவர் கையில் அது வேலை செய்தால்தான் முடிந்தது. எந்தப் பொருளில் எண்ணுகிறோம் என்பதை வரைபின் அடியிலேயே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். இதைத் தவறவிடும் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் எண்ணைப் பற்றியே வாதாடும்.

திரையில் ஒரேயொரு வரைபுக்குத்தான் இடம் என்றால், முடியாத வேலைகளின் வயதைப் போடுங்கள். கடைசியாக முடிந்த 20 வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் பிடித்தது என்று ஏறுவரிசையில் அடுக்குங்கள். 17ஆவது எண்ணைப் பாருங்கள். 20இல் 85 வீதம் 17. அது 9 நாள் என்றால், அதுவே எல்லைக்கோடு. இப்போது கையில் உள்ள ஒவ்வொரு வேலையையும் ஒரு சலாகையாக, வயது கூடியது மேலே வரும்படி வரைந்து, 9 நாளைத் தாண்டியதை மட்டும் நிறத்தால் பிரித்துக் காட்டுங்கள். காலைக் கூட்டத்தை மேலிருந்து தொடங்கினால் போதும். தாண்டிய வேலை பல நேரம் கடினமானதாகவே இருக்காது. ஒரு பதிலுக்காகவோ ஒரு சரிபார்ப்புக்காகவோ சும்மா கிடக்கும்.

ஏன் கிடக்கிறது? ஒரே நேரத்தில் கையில் உள்ளவை கூடக் கூட ஒவ்வொன்றும் கூடுதலாகக் காத்திருக்கும். அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய ஒரு சமன்பாடு இதைக் காட்டுகிறது: சராசரியாகக் கையில் உள்ள வேலைகளை, சராசரியாகக் கிழமைக்கு முடிவனவற்றால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே தங்கும் சராசரி நேரம் வரும். கையில் 18, கிழமைக்கு 6 முடிகிறது என்றால் 3 கிழமை. வேகம் குறையாமல் கையில் உள்ளதை 12ஆகக் குறைத்தால் 2 கிழமை. யாரும் வேகமாகத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. வருவதும் போவதும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் காலத்துக்கே இந்தக் கணக்குப் பொருந்தும். புது வேலைகள் குவிந்துகொண்டே போகும் இடத்தில் இந்த எண்ணை நம்பக் கூடாது.

மீதியை மட்டும் காட்டும் இறங்குகோட்டு வரைபு பலருக்குப் பிடிக்கும். எங்களுக்குப் பிடிக்காது. 40 வேலைகளில் 10 முடிந்து, அதே கிழமையில் வாடிக்கையாளர் 10 புதிதாகச் சேர்த்தால், கோடு 40இலேயே நிற்கும். குழு தூங்கியது போலத் தெரியும். மொத்தத்துக்கு ஒரு கோடு, முடிந்ததற்கு ஒரு கோடு என இரண்டு வரைந்தால், எந்தக் கோடு ஏறியது என்பது சண்டையில்லாமல் தெரியும்.

"எப்போது முடியும்" என்ற கேள்விக்கு ஒற்றைத் திகதி சொல்வது ஆபத்து. கடந்த எட்டுக் கிழமைகளில் 5, 3, 6, 4, 7, 5, 4, 6 வேலைகள் முடிந்தன, மீதி 30 என்று வையுங்கள். சராசரி 5, ஆக 6 கிழமை என்று வாய்க்கு வரும். ஆனால் இந்த எட்டு எண்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து எடுத்துக் கூட்டி, 30ஐத் தொட எத்தனை கிழமை பிடிக்கிறது என்று கணினியில் 10,000 தடவை ஓட்டிப் பார்த்தால், 6 கிழமைக்குள் முடிவது 100இல் 57 தடவையளவுதான். 7 கிழமை என்றால் ஏறத்தாழ 95. இதை எக்செல்லிலேயே செய்யலாம். ஒரு எச்சரிக்கை: 25 நாள் நல்லூர்த் திருவிழா இடையில் வந்தால், பங்குனி மாதத்து எண்களை வைத்து ஆவணியை மதிப்பிடாதீர்கள்.

தோற்றத்துக்கு வருவோம். புள்ளியியலாளர்களான கிளீவ்லண்டும் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே அளவுகோலில் அமைந்த புள்ளிகளின் இடத்தையே கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது. நீளம், கோணம், பரப்பு எல்லாம் அதற்குப் பின்னால்தான். வட்ட வரைபும் காரின் வேகமானி போன்ற படமும் அழகுக்குச் சரி, ஒப்பிட உதவா. சிவப்பு–பச்சை பிரித்தறிவதில் குறைபாடு உள்ளவர் எந்தக் குழுவிலும் இருக்கலாம்; ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் அது 8 வீதமளவு. ஆகவே நிறத்தோடு ஒரு சொல்லோ குறியோ சேருங்கள். 3 மீற்றர் தள்ளி நின்று வாசிக்க வேண்டிய எழுத்து 2 சென்ரிமீற்றர் உயரமாவது இருக்கட்டும்.

ஆட்களின் பெயரைப் போட்டு யார் எத்தனை முடித்தார் என்று வரிசைப்படுத்த வேண்டாம். அடுத்த கிழமையே ஒரு வேலை மூன்றாகப் பிளந்து பதிவாகும். எண்ணிக்கை ஏறும், மென்பொருள் நகராது.

இணையமோ மின்சாரமோ போய்வந்தால் திரை பழைய எண்ணோடு உறைந்து நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. கடைசியாகத் தரவு வந்த நேரத்தை மூலையில் காட்டி, ஒரு மணிநேரம் தாண்டினால் முழுத் திரையையும் சாம்பல் நிறமாக்குங்கள். தரவு வராத இடத்தில் 0 போடாமல் ஒரு சிறுகோடு போடுங்கள். 0 என்பதும் ஒரு தகவல்தான்.

நேர வலயம் இன்னொரு தலையிடி. கோடையில் ரொறொன்ரோ யாழ்ப்பாணத்துக்கு 9 மணி 30 நிமிடம் பின்னால். சேவையகம் அந்த ஊர் நேரத்தில் இருந்தால், இங்கே திங்கள் காலை 9 மணிக்கு முடித்தது அங்கே ஞாயிறு இரவில் விழுந்து போன கிழமைக் கணக்கில் சேர்ந்துவிடும். யூடிசி எனும் உலகப் பொது நேரப்படி நாளைப் பிரித்தால், நாள் மாறுவது இங்கே காலை 5.30 மணி, அங்கே கோடையில் இரவு 8 மணி. இரண்டு நேரத்திலும் மேசையில் யாரும் இருப்பது அரிது.