நாற்பது ஹெர்ட்ஸில் உருவான இசை

லண்டனின் சோஹோ பகுதியில் 2001-ஆம் ஆண்டு ‘ஃபார்வர்ட்’ என்ற பெயரில் தொடங்கிய இரவு இசை நிகழ்ச்சி, பின்னர் ஷோர்டிச்சில் இருந்த ‘பிளாஸ்டிக் பீப்பிள்’ என்னும் சிறிய நிலவறைக் கூடத்துக்கு இடம் மாறியது. வெளிச்சம் மிகக் குறைந்த அந்தக் கூடத்தில் ஒலிபெருக்கிகளுக்கே முதல் மரியாதை. கிராய்டன் போன்ற தென் லண்டன் புறநகர்களைச் சேர்ந்த இளைஞர்கள், பெரிய வானொலி நிலையங்கள் கண்டுகொள்ளாத, பெரும்பாலும் பாட்டுக் குரலே இல்லாத, இருண்ட தொனி கொண்ட இசைத் துண்டுகளை வீட்டுக் கணினியில் உருவாக்கி அங்கே கொண்டுவந்து ஒலிக்கவிட்டார்கள். 2005-இல் மாலா, கோக்கி, லோஃபா ஆகிய இசைக்கலைஞர்கள் பிரிக்ஸ்டனில் ‘டிஎம்இசட்’ என்ற இன்னோர் இரவைத் தொடங்கினார்கள். இத்தகைய இரவுகளில் உருத்திரண்ட இசைவகைதான் டப்ஸ்டெப்.

இந்த இசையைக் கைபேசியில் கேட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவிடுபவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த இசையின் முக்கியமான பகுதி அவர்களை வந்தடையவே இல்லை. டப்ஸ்டெப்பின் ஆதாரம் ஏறத்தாழ 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது விநாடிக்கு அத்தனை முறை அதிரும், ஆழ்ந்த ‘பேஸ்’ என்னும் தாழ்ந்த ஒலி. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி எழுப்பும் சுரம் 41 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் கொண்டால், இது எவ்வளவு கீழே இருக்கிறது என்பது புரியும். ஒலிபெருக்கியின் கூம்பு ஒரே அளவு ஒலி அழுத்தத்தைத் தர வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகக் குறையும்போதெல்லாம் அது முன்னும் பின்னும் அசையும் தூரம் நான்கு மடங்காக வேண்டும். அதாவது 400 ஹெர்ட்ஸுக்குத் தேவைப்படும் அசைவைவிட 40 ஹெர்ட்ஸுக்கு நூறு மடங்கு அசைவு தேவை. நகத்தளவு ஒலிபெருக்கியால் இது நடவாத காரியம். அகன்ற கூம்புகளும், அவற்றை உந்தித் தள்ளப் போதுமான மின்திறனும், பெரிய பெட்டிகளும் இருந்தால்தான் அந்தச் சுரம் காற்றில் பிறக்கும்.

பிறந்த பிறகும் அது கூடத்தின் சொல்படியே நடக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 8.6 மீட்டர், ஒரு சிறு கூடத்தின் நீளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சரியாக அதே தூரம் இருந்தால், மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடி நிலை அலையாகிவிடும். அப்போது சுவர்களை ஒட்டியும் கூடத்தின் நடுவிலும் பேஸ் பெருகி நிற்கும். சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கோ அதே சுரம் பெருமளவு காணாமல் போயிருக்கும். ஆகவே, ஒலி அமைப்பாளர்கள் பெட்டிகளை எந்த மூலையில் வைப்பது, எந்த அதிர்வெண்ணைக் குறைப்பது என்று மெனக்கெடுவது வீண் பிடிவாதம் அன்று.

மனிதச் செவியின் இயல்பும் இங்கே முக்கியம். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபல் அளவில் எவ்வளவு சத்தமாகத் தோன்றுகிறதோ, அவ்வளவு சத்தமாக 40 ஹெர்ட்ஸ் ஒலி தோன்றுவதற்கு அது சுமார் 83 டெசிபல் அளவில் இருக்க வேண்டும். ஆனால் முதல் ஒலியை 80 டெசிபலுக்கு உயர்த்தினால், பேஸ் ஒலி ஏறத்தாழ 105 டெசிபலை எட்டினாலே சமமாகிவிடுகிறது. இடைவெளி 43-லிருந்து 25-ஆகச் சுருங்குகிறது. எனவே ஒட்டுமொத்த ஒலியளவைக் கூட்டும்போது பேஸ் மட்டும் பிறவற்றைவிட வேகமாக மேலெழுந்து வருவதுபோல் நமக்குக் கேட்கிறது. வீட்டில் மெதுவாக ஒலிக்கும் இசைத்தட்டும் கூடத்தில் ஒலிக்கும் அதே இசைத்தட்டும் கேட்பவரின் அனுபவத்தில் இரு வேறு இசைகள்.

செவியோடு இது முடிவதில்லை. உட்செவியில் உடலின் சமநிலையை உணர்த்தும் சாக்கியூல் என்ற உறுப்பு, தாழ்ந்த அதிர்வெண்ணில் உரக்க ஒலிக்கும் இசைக்கும் எதிர்வினை காட்டுகிறது என்பதை நீல் டாட், ஃபிரெடரிக் கோடி ஆகியோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். ‘ஆர்ஃபெக்ஸ்’ என்ற மின்னணு இசை இரட்டையரின் நிகழ்ச்சியில், 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் எழுப்பும் சிறப்பு ஒலிபெருக்கிகளை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும், ஆடியவர்களின் தலையசைவை அளந்தார்கள். அவை இயங்கியபோது அசைவு சராசரியாக 11.8 சதவீதம் கூடியது. இத்தகைய ஒலி இருக்கிறதா இல்லையா என்பதைத் தனியே நடத்திய சோதனையில் பங்கேற்றவர்களால் கண்டறிய முடியவில்லை. மனம் அறியாத ஒன்றுக்கு உடல் ஆடியிருக்கிறது.

இந்த இசையின் வடிவம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கும் இதே இயற்பியலில் ஒரு பகுதி விடை உண்டு. டப்ஸ்டெப் பெரும்பாலும் நிமிடத்துக்கு 140 தட்டு என்ற வேகத்தில் ஓடுகிறது. ஆனால் ஸ்னேர் முரசு நான்கு தட்டுகளில் மூன்றாவதில் மட்டும் விழுவதால், அடுத்தடுத்த இரண்டு ஸ்னேர் அடிகளுக்கு இடையே 1.7 விநாடி வெறுமை கிடைக்கிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கே 25 மில்லிவிநாடி ஆகும்; பல சுற்றுகள் கடந்தால்தான் செவி அதை ஒரு சுரமாக இனங்காணும். அந்த ஆழத்தில் விரைவான சங்கதிகளை வாசித்தால் எல்லாம் குழம்பிவிடும். நீண்ட பேஸ் சுரம் நிலைகொள்வதற்கான இடத்தை அந்த வெறுமை தருகிறது.

அச்சுரத்துக்கு அசைவு கொடுக்கும் ‘வாபிள்’ உத்தி எளிமையானது, அழகானதும்கூட. காதுக்கே கேட்காத அளவு மெதுவாக அலைவுறும் ஒரு மின் அலை, குறிப்பிட்ட எல்லைக்கு மேலான அதிர்வெண்களைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றின் அந்த எல்லையை ஏற்றி இறக்குகிறது. எல்லை ஏறும்போது ஒலி திறந்து பிரகாசமாகிறது, இறங்கும்போது மூடி மங்குகிறது. 140 தட்டு வேகத்தில் தட்டுக்கு இரண்டு முறை என்றால் விநாடிக்கு சுமார் 4.7 அலைவு, மூன்று முறை என்றால் சரியாக 7. ஒரே சுரத்தை மாற்றாமல், இந்த எண்ணை மட்டும் மாற்றித் தாளம் படைக்க முடிகிறது.

இவற்றையெல்லாம் எவரும் சூத்திரம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. புதிதாக உருவாக்கிய துண்டைத் தென் லண்டனில் ஃபாரஸ்ட் ஹில்லில் இருந்த ‘டிரான்ஸிஷன்’ என்ற இசைத்தட்டு வெட்டும் கூடத்துக்கு எடுத்துச்சென்று, ஒற்றைப் பிரதியாக ‘அசிட்டேட்’ எனப்படும் மென்மையான இசைத்தட்டில் வெட்டி வாங்கி, இரவு நிகழ்ச்சியில் ஒலிக்கவிட்டு, கூடம் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். ரெகே பாடல்களின் குரலைக் குறைத்து, பேஸையும் முரசையும் முன்னிறுத்தி மாற்றியமைக்கும் ஜமைக்காவின் டப் மரபிலிருந்து வந்த பழக்கம் இது. தட்டுக்கும் நிபந்தனைகள் உண்டு: பேஸ் மிகுந்தால் ஊசி ஓடும் பள்ளம் அகலமாகும், இட வலப் பக்கங்களில் பேஸ் வேறுபட்டால் ஊசி மேலும் கீழுமாகத் துள்ளித் தடத்தை விட்டே வெளியேறக்கூடும். எனவே பேஸை இரு பக்கமும் ஒன்றாக்கி நடுவில் வைத்தார்கள். அந்தத் தட்டுகள் சில பத்து முறை ஒலித்தாலே தேய்ந்துவிடும்.

பிறகு அந்த இசை கூடங்களைவிட்டு மடிக்கணினிகளுக்கும் அமெரிக்கத் திருவிழா மேடைகளுக்கும் சென்றது. 40 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாத கருவியிலும் அதை உணர்த்த ஒரு வழி உண்டு: அதன் மடங்குகளான 80, 120, 160 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களை மட்டும் சேர்த்து ஒலித்தால், விடுபட்ட அடிப்படைச் சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ஒலியை வேண்டுமென்றே சிதைத்தால் இன்னும் உயரமான மேற்சுரங்கள் கிடைக்கும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகழ்பெற்ற, உறுமலும் கிறீச்சிடலும் நிறைந்த டப்ஸ்டெப்பில் ஆற்றலின் பெரும்பகுதி இந்த நடு அதிர்வெண்களுக்கு ஏறியிருந்தது. எந்தச் சிறு ஒலிபெருக்கியிலும் அது தெளிவாகக் கேட்டது.