ஆர்க்கைவ்ஸ்: ஆவணக் காப்பகம்

பழைய பதிவேடுகள், கடிதங்கள், கணக்குகளைப் பேணி வைத்து, ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு எடுத்துத் தரும் இடம் ஆர்க்கைவ்ஸ். அங்கே இருக்கும் தொகுப்புக்கும் அதுதான் பெயர். நெல்லையில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் "ஆர்க்கைவ்ஸ் போகணும்" என்றால், எழும்பூருக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறப் போகிறார்கள் என்று அர்த்தம். 1909-இல் அங்கே திறந்த அரசு ஆவணக் காப்பகக் கட்டடத்தில்தான் மதராஸ் மாகாணத்துப் பதிவுகள் இருக்கின்றன. கலெக்டர் ஆபீசில் இருப்பது ரெக்கார்டு ரூம்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஆர்க்கே' என்றால் ஆட்சி. 'ஆர்க்கெயோன்' ஆள்பவரின் மனை. அரசாங்கத் தாள்கள் அங்கே இருந்ததால், தாள்கள் இருக்கும் இடத்துக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பெண்கள் வரலாறு எழுதுகிறவர்கள் படும் பாடு முழுவதும் இந்த வேரிலேயே இருக்கிறது. வரி கட்டியவர், வழக்காடியவர், பட்டாதாரர் என்று ஆட்சிக்கு வேண்டியவர்களைத்தான் ஆள்பவர் மனை எழுதி வைத்தது. அவர்களில் மிகப் பலர் ஆண்கள்.

பெண்களைப் பற்றிச் சான்றே இல்லை என்று கைவிரித்த காலத்தில், அமெரிக்காவில் வரலாற்றாசிரியர் கெர்டா லெர்னர் கறுப்பினப் பெண்களின் கடிதங்களையும் சாட்சியங்களையும் தேடித் தொகுத்து 1972-இல் வெளியிட்டார். சாரா லாரன்ஸ் கல்லூரியில் பெண்கள் வரலாற்றுக்கு முதுகலைப் படிப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

நம் ஊரிலும் தேடினால் கிடைக்கிறது. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயரே ஒரு பெண்ணுடையது, குளோரிந்தா. 1785-இல் அங்கே கோயில் கட்டியவர். ஊர் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றது. பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானப் பெயர்; ஊர்வாய் பிடித்து வைத்திருப்பது அவர் பிறந்த சாதியை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் தெரிவார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாறு எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில் அவர் மனைவி எலைசா கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலைப் பின்னிய விரல்கள் யாருடையவை என்பதுதான் பெண்கள் வரலாற்றின் கேள்வி.

அப்புறம், பீடி பாஸ் புத்தகம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் வீடுகளில் இருக்குமே, அது. வாங்கிய இலை, தூள், கொடுத்த பீடி, கழிவு எல்லாம் அதில் வரும். தாயும் மகளும் சேர்ந்து சுற்றியிருப்பார்கள். புத்தகத்தில் பெயர் ஒன்றுதான். அந்த மகளின் உழைப்பை அவளிடம் கேட்டுத்தான் எழுத முடியும். அதைப் பதிவு செய்த ஒலிப்பேழையும் என் கணக்கில் ஆர்க்கைவ்ஸில் இருக்க வேண்டியதே.

சரி, தமிழில் என்ன சொல்வது? அரசுத் துறையின் பெயரிலேயே உள்ள 'ஆவணக் காப்பகம்' மிகப் பொருத்தம். 'சுவடிக் காப்பகம்' என்றால் ஏடுகளோடு நின்றுவிடும். கையெழுத்துச் சுவடி நூலகத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஆவணம் என்ற சொல்லுக்குச் சங்க இலக்கியத்தில் கடைத்தெரு என்று பொருள். அகநானூறு 122-இல், 'மல்லல் ஆவணம்' உறங்கினாலும் அன்னை உறங்கமாட்டாள் என்று ஒரு பெண்குரல் சொல்கிறது. கடை என்று பொருள்படும் வடமொழி ஆபணத்தோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. கல்வெட்டுகளில் வரும் 'ஆவணக்களரி' நிலத்தை விலைபேசி, பலர் அறிய ஓலை எழுதிய இடம். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில் ஆவணம் அடிமை ஓலையாகவே வருகிறது. ஆள்பவர் மனையிலிருந்து வந்த சொல்லைவிட, தெருவின் வாடை உள்ள இந்தச் சொல்லில் பாஸ் புத்தகத்துக்கும் இடம் உண்டு.

எழுதும்போது 'ஆவணக் காப்பகம்' என்று வல்லினம் மிகுத்து எழுதுங்கள். அங்கே பொறுப்பில் இருப்பவர் ஆவணக் காப்பாளர்.