ஒன் ஹெல்த்: ஒருங்குநலம்

மனிதர், விலங்கு, இரண்டும் சார்ந்திருக்கும் நீரும் நிலமும் ஆகிய மூன்றின் நலமும் பிணைந்தவை. ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் காக்க முடியாது. இந்தக் கொள்கைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர்தான் ‘ஒன் ஹெல்த்’. தமிழ்ச் செய்திகளில் இது ‘ஒரே சுகாதாரம்’, ‘ஒரே ஆரோக்கியம்’ என்று வருகிறது. இரண்டும் பொருந்தவில்லை.

இதற்கு முன்னோடியான ‘ஒன் மெடிசின்’ என்ற கருத்தைப் பரப்பியவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் கால்வின் ஷ்வாபே. மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் ஒரே அறிவின் இரு கிளைகள் என்றார் அவர். 2004இல் நியூயார்க்கில் நடந்த மாநாடு 12 கோட்பாடுகளை வெளியிட்டபோது காட்டுயிரும் சூழலும் சேர்ந்துகொள்ள, மெடிசின் போய் ஹெல்த் வந்தது. உலக சுகாதார அமைப்பு, உணவு வேளாண் அமைப்பு, உலக விலங்குநல அமைப்பு ஆகிய மூன்றும் 2010இல் இதற்காகக் கைகோத்தன. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022இல்தான் நான்காவதாக இணைந்தது. சூழலுக்குக் கடைசியில்தான் நாற்காலி கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நகரத் திட்டங்களிலும் அதே வரிசைதான்.

ஹெல்த் என்ற சொல்லின் வேருக்கு ‘முழுமை’ என்று பொருள். ஆரோக்கியம் என்றால் ரோகம் இல்லாமை. நோயில்லாமல் இருப்பது மட்டுமே நலமாகிவிடாது என்று உலக சுகாதார அமைப்பின் சாசனமே 1946இல் சொல்லிவிட்டது. சுகாதாரம் நம் பேச்சில் துப்புரவையும் அரசுத் துறையையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. நலம் இவற்றைவிட அகலமானது. ஆளுக்கும் சொல்லலாம், மாட்டுக்கும் சொல்லலாம், ஏரிக்கும் சொல்லலாம். ‘ஒரே’ என்று தொடங்கினால் ‘ஒன்றே ஒன்று’ என்ற பொருள் முந்திக்கொள்கிறது. ‘ஒருங்கிணைந்த’ என்றாலோ, சித்தாவையும் ஆங்கில மருத்துவத்தையும் சேர்த்துத் தரும் ஒருங்கிணைந்த மருத்துவத்தோடு குழம்பும். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடுக்கு ‘ஒருங்குறி’ என்ற சொல் நிலைத்துவிட்டது. அதே வழியில் ‘ஒருங்குநலம்’ என்பதே சரியாக அமையும்.

சென்னையில் இந்தச் சொல்லுக்கு உரை எழுத பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைவிட நல்ல இடம் இல்லை. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் இந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போகிறது. சாலை, குடியிருப்பு, ஐ.டி. வளாகம், பெருங்குடி குப்பைமேடு எல்லாம் அதன்மேல்தான் எழுந்தன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தது 1,247 ஹெக்டேர். சதுப்பும் ஏரிகளும் சுருங்கியதால் ஊருக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது. மழைக்காலத்தில் நீர் நிற்க இடமில்லாமல் தெருவில் நிற்கிறது. கோடையில் நிலத்தடி நீர் இறங்கிவிடுகிறது.

தெருவில் நிற்கும் நீரில் எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலக்கும். அதிலுள்ள கிருமி காலிலுள்ள சிறு வெட்டு வழியே உடலில் புகுந்தால் எலிக்காய்ச்சல். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்தே காய்ச்சல் அடிப்பதால் வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று நாள் கடந்துபோகும்.

கோடையில் லாரித் தண்ணீர் வந்தால் டிரம், குடம், பக்கெட் எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டக் கோட்டை ஒட்டி உட்சுவரில் பிடித்திருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். மாடித் தொட்டியில் மூடி இறுக்கமாக இருந்தும் ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் வலை இல்லாவிட்டால், சென்னையில் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி உள்ளே போய்விடும்.

மருத்துவத்தை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு சூழலைக் கெடுப்பதும் உண்டு. கொசுப்புழு தின்னும் என்று குளங்களில் விட்ட கம்பூசியா மீன், நாட்டு மீன் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்கிறது. கொசுப்புழுவைத் தின்ன ஏற்கெனவே அங்கே இருந்தவையும் அவற்றோடு குறைகின்றன. மூடிய கிணற்றில் விடுவது வேறு, ஏரியில் விடுவது வேறு.

ரேபிஸ் விஷயத்தில் ஒருங்குநலம் கணக்காகவே தெரியும். கடிபட்டவருக்குப் போடும் ஊசி அவரை மட்டும் காக்கும். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் தொற்றுச் சங்கிலியே அறுந்துவிடும். அதற்காகக் கடிபட்டவர் காத்திருக்கலாகாது: காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போக வேண்டும். நாய் ஒரு துறையிடம், குப்பை இன்னொன்றிடம், ஊசி வேறொன்றிடம் இருந்தால், தெருமுனைக் குப்பையை அள்ளாமல் நாயை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போம்.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் உடல்நலம் 3, நகரம் 11, நிலவாழ் உயிர்கள் 15 என்று தனித்தனி எண்களில் இருக்கின்றன. இவற்றை ஒரே கோப்பில் படிப்பதற்குப் பெயர்தான் ‘ஒருங்குநலக் கொள்கை’. சதுப்பை ஒட்டிய கட்டட அனுமதியில் வெள்ள மட்டத்தோடு எலிக்காய்ச்சல், டெங்கு பதிவுகளையும் வார்டு வாரியாக வைத்துப் பார்ப்பது ‘ஒருங்குநல மதிப்பீடு’. பொது மருத்துவமனையையும் கால்நடை மருத்துவமனையையும் ஒரே வளாகத்தில் கட்டிவிட்டு அதற்கு இந்தப் பெயரைச் சூட்டுவது தவறான சொல்லாட்சி. அங்கே பக்கத்தில் இருப்பவை கட்டடங்கள் மட்டுமே.