ஹம்துல்லாஹ் முஸ்தவ்ஃபியை மேற்கோள் காட்டும் முன்

பாரசீக வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒரு நூற்பெயர்: ஸஃபர்நாமா. இது 'வெற்றி நூல்' என்றும் 'பயண நூல்' என்றும் பொருள்படும் இரண்டு பெயர்கள்; பாரசீகத்தில் அவை வெவ்வேறு எழுத்தில் தொடங்கும். தமிழில் இரண்டுக்கும் 'ஸ'தான். பயண நூல் 11ஆம் நூற்றாண்டில் நாசிர் குஸ்ரோ எழுதிய உரைநடை. வெற்றி நூலோ கஸ்வீன் நகரத்து ஹம்துல்லாஹ் முஸ்தவ்ஃபி 14ஆம் நூற்றாண்டில் பாடிய 75,000 ஈரடிகள். அதே பெயரில் தைமூரைப் பற்றி ஷரஃபுத்தீன் அலீ யஸ்தியும் எழுதினார். குரு கோவிந்த் சிங் ஔரங்கசீப்புக்கு அனுப்பிய கவிதைக் கடிதமும் அதே பெயர்தான். ஆசிரியர் பெயரைச் சேர்க்காமல் இந்த நூலைக் குறிப்பிடவே கூடாது.

'முஸ்தவ்ஃபி' என்பது வருவாய்க் கணக்கர் பதவி. ஈரானை ஆண்ட மங்கோலிய அரசர்களான இல்கான்களின் வஸீர் (தலைமை அமைச்சர்) ரஷீதுத்தீன் இவரிடம் கஸ்வீன் வட்டாரக் கணக்கை ஒப்படைத்தார். அந்தக் கணக்கர் புத்தி எழுத்திலும் உண்டு. ஸஃபர்நாமாவில் அரபியருக்கு 25,000, பாரசீகருக்கு 20,000, மங்கோலியருக்கு 30,000 ஈரடிகள் என்று பங்கிட்டிருக்கிறார்.

அடுத்த பிழை ஆண்டில். நூல் முடிந்தது இஸ்லாமியச் சந்திர நாட்காட்டியான ஹிஜ்ரியில் 735. அதோடு ஹிஜ்ரி தொடங்கிய 622ஐ அப்படியே கூட்டினால் 1357 வரும்; அது தவறு. சந்திர ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்தான். 735ஐ 0.97ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள்: 1334.95, அதாவது 1334–35. இந்த 22 ஆண்டு சின்ன விஷயமல்ல. 1335 நவம்பரில் இல்கான் அரசர் அபூ சயீத் இறந்ததும் இல்கான் அரசே சிதறத் தொடங்கியது. தவறான ஆண்டு நூலை அந்தச் சிதறலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடும்.

ஹிஜ்ரி 740இல் எழுதிய நுஸ்ஹத்துல் குலூப் என்ற புவியியல் நூலில் வரித்தொகைகள் வருகின்றன. இல்கான் அரசர் கஸான் கானின் சீர்திருத்தத்துக்கு முன் சுமார் 1,700 தூமான், பின்னர் 2,100. இன்றைய ஈரானியத் தொமான் 10 ரியால். இவருடைய தூமானோ 10,000 தினார். எனவே 2,100 என்பது 2.1 கோடி தினார். அந்தத் தினாரும் தங்க நாணயம் அல்ல, 6 வெள்ளித் திர்ஹம் மதிப்புள்ள கணக்கலகு.

கடைசியாக, ஏடு. ஃபிர்தௌசியின் பாரசீகக் காப்பியமான ஷாநாமாவின் பிரதிகளை ஆறாண்டு ஒப்பிட்டுத் திருத்தியவர் முஸ்தவ்ஃபி. பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள, 1405இல் படியெடுத்த ஏட்டில் பக்க நடுவில் ஸஃபர்நாமா, ஓரத்தில் ஷாநாமா. படியெடுக்கும்போது ஓர வரியை நடுவில் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே சந்தம், காது காட்டிக்கொடுக்காது.