வேண்டுமென்றே வெடிக்கும் பெயிண்ட்

"பழைய தோற்றம் வருமென்று புது மரப்பெட்டியில் வெள்ளைப் பசை தடவி, அது நன்றாகக் காய்ந்தபின் மேலே பெயிண்ட் அடித்தேன். விரிசலே விழவில்லை. பசை சரியில்லையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பசையின் மேல் தவறு இருக்காது. 'நன்றாகக் காய்ந்தபின்' என்கிறாரே, சிக்கல் அங்கேதான்.

முதலில் செய்முறை. உப்புத்தாளால் தேய்த்த மரத்தில் அடிவண்ணம் பூசி ஒரு நாள் காயவிட வேண்டும். அடிவண்ணம் ஓரளவு பளபளப்பான வகையாக இருப்பது நல்லது. இல்லையென்றால் பசையிலுள்ள நீரை அதுவே குடித்துவிடும். அதன்மேல் மரவேலைக்கான வெள்ளைப் பசையை, அதாவது பி.வி.ஏ. (பாலிவினைல் அசிடேட்) பசையைச் சீராகத் தடவ வேண்டும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் நூல்போல் இழுபடக் கூடாது. பூச்சின் கனத்தையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்து இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகலாம். அந்த நிலையில் வேறு நிற அக்ரிலிக் பெயிண்டைத் தாராளமாக, ஒரே இழுப்பில் பூச வேண்டும். பூசிய இடத்துக்கு பிரஷ் திரும்பிப் போகவே கூடாது. போனால் பசையும் பெயிண்டும் கலந்து கூழாகிவிடும்.

இனி, உள்ளே நடப்பது. அக்ரிலிக் பெயிண்ட் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) துகள்களும் நிறமித் தூளும். நீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. நீர் போன அளவுக்குப் படலம் சுருங்கியாக வேண்டும். கனத்தில் சுருங்க அதற்குத் தடையில்லை. பக்கவாட்டில் சுருங்க முடியாது, ஏனெனில் கீழே மரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் படலம் முழுவதும் இழுவிசையில் விறைத்து நிற்கிறது. வழக்கமான சுவரில் இந்த இழுவிசையை பாலிமரின் நெகிழ்ச்சியே தாங்கிக்கொள்கிறது.

பசை இருந்தால் கதை மாறுகிறது. பி.வி.ஏ. பசையில் நீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹாலும் கலந்திருக்கும். மேல்பூச்சிலிருந்து இறங்கும் நீரால் பசை மறுபடி இளகி, வழுக்கும் அடுக்காகிறது. பெயிண்டின் பிடிமானம் தளர்கிறது. ஆனால் பெயிண்ட் இன்னும் முழு வலிமை பெறவில்லை. எங்காவது ஒரு குமிழோ தூசியோ இருந்தால் போதும், அங்கே கிழிகிறது. கிழிந்த இரு கரைகளும் பசைமேல் சறுக்கி விலகுகின்றன, இடையில் அடிவண்ணம் தெரிகிறது. பசை முழுதாக உலர்ந்திருந்தால் சறுக்கல் இல்லை. வாசகருக்கு நேர்ந்தது இதுதான்.

விரிசல் ஏன் தொடர்ந்து ஓடுகிறது என்பதற்கு ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921இல் கண்ணாடியை வைத்துச் சொன்ன விளக்கம் இங்கேயும் பொருந்தும். விரிசல் நீளும்போது, இழுபட்டு நிற்கும் பொருள் சேமித்திருந்த மீள் ஆற்றல் விடுபடுகிறது. புதிதாக இரண்டு பரப்புகளை உண்டாக்கும் செலவுக்கு அது போதுமானால் விரிசல் முன்னேறும், போதாவிட்டால் நின்றுவிடும். படலம் கனமாக இருந்தால் சேமிப்பும் அதிகம். மிக மெல்லிய பூச்சு வெடிக்க மறுப்பது அதனால்தான்.

இதில் என்னை மிகவும் மயக்குவது விரிசல்கள் சந்திக்கும் விதம். முதல் விரிசல் விழுந்ததும் அதற்குக் குறுக்கான இழுவிசை அதன் கரையில் இல்லாமல் போகிறது, அதற்கு இணையான இழுவிசை மட்டும் எஞ்சுகிறது. விரிசல் எப்போதும் மிகப் பெரிய இழுவிசைக்குச் செங்குத்தாகவே ஓடும். ஆகவே பிறகு பிறக்கும் விரிசல், பழையதை நெருங்கும்போது வளைந்து, ஏறக்குறைய 90 பாகையில் போய் முட்டி நிற்கிறது. பழையதைத் தாண்டாது, அங்கே ஏற்கெனவே இடைவெளி இருக்கிறதே. பூச்சு காய்ந்தபின் இந்த வரலாற்றைப் படிக்கலாம். எது எதில் முட்டி நிற்கிறதோ, அது இளையது. இப்படிப் பின்னோக்கிப் போனால் எதிலும் முட்டாமல் ஓடும் மூத்த விரிசல் கிடைக்கும். ஏரிப் படுகையில் முதன்முறை காயும் சேற்றிலும் இதே செங்கோணம்தான். அது பலமுறை நனைந்து காய்ந்தால் சந்திப்புகள் மெல்ல 120 பாகைக்கு நகர்கின்றன.

ஜப்பானிய இயற்பியலாளர் அகியோ நகஹாராவும் யோசுகே மட்சுவோவும் இன்னொரு விந்தையைக் காட்டினார்கள். நீரில் தூளைக் குழைத்த குழம்பை, காய்வதற்கு முன் ஒரு திசையில் ஆட்டினால், வெகுநேரம் கழித்து விழும் விரிசல்கள் அந்தத் திசையை நினைவில் வைத்திருக்கின்றன. சேறு காய்வதைப் பார்க்க எதற்கு ஆய்வு நிதி என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். பூச்சுகளும் மின்கல மின்முனைகளும் காயும்போது வெடிப்பது இதே இயற்பியலால்தான். அந்த நிதி இன்னும் கூட வேண்டும் என்பது என் கட்சி.

வேண்டிய வடிவத்தைப் பெறவும் இதுவே வழிகாட்டும். கனமான மேல்பூச்சும் வழுக்கும் பசையும் பெரிய தீவுகளைத் தரும். சிறிது நீர் கலந்து மெலிதாகத் தடவிய பசை நெருக்கமான, நுண்ணிய கோடுகளைத் தரும். பசையின் பிரஷ் தடங்களை ஒட்டி விரிசல் ஓடுவதால், வலைபோல் வேண்டுமானால் பிரஷைப் பல திசைகளில் ஓட்டித் தடவலாம். மேல்வண்ணம் பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்கட்டும். அதில் நிறமி அதிகம், பிணைக்கும் பாலிமர் குறைவு, எனவே எளிதில் வெடிக்கும். விலை உயர்ந்த நெகிழ்வான பெயிண்ட் வெடிக்காமல் இழுபட்டே சமாளித்துவிடும். பலகையைப் படுக்கவைத்துப் பூசுங்கள், நிறுத்திவைத்தால் இளகிய பசையோடு பெயிண்டும் வழிந்து இறங்கும்.

ஒரு நாள் காயவிட்டபின் வார்னிஷ். நீர் அடிப்படையிலானதை பிரஷால் தேய்த்தால் பசை மறுபடி விழித்து, தீவுகள் நகர்ந்துவிடும். எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷைப் பூசுங்கள்.