நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில்? ‘எர்கோதெராப்பி’க்கு ஒரு தமிழ்ச்சொல்

மொரீஷியஸில் எங்கள் கோவில் மண்டபத்தில் மாலைத் தமிழ் வகுப்பு முடிந்து, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மாணவன் ஒருவனின் பாட்டி ஒரு துண்டுத்தாளோடு வந்து நின்றார். உடற்குறையோ வளர்ச்சித் தாமதமோ உள்ள, இன்னும் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளுக்கு என்னென்ன உதவி கிடைக்கும் என்று சொல்லும் தாள் அது. பிரெஞ்சு, இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல், தமிழ் மூன்றிலும் அச்சிட்டிருந்தார்கள். பாட்டி தமிழ்ப் பக்கத்தைத்தான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். மாணவனின் தம்பிக்கு நாலு வயது, மூளை முடக்குவாதம். இடது கை பெரும்பாலும் மூடியே இருக்கும். ‘தொழில் சிகிச்சை’ என்ற இடத்தில் விரலை வைத்து, “கி த்ராவாய், மிசே?” என்றார். என்ன வேலை என்று கேட்கிறார். பிள்ளையைப் பிற்பாடு ஏதாவது வேலைக்குப் பழக்குவார்களாம், அதற்கு இப்போதே பெயர் கொடுத்துவைக்க வேண்டுமாம் என்று புரிந்துகொண்டிருந்தார்.

“எர்கோதெராப்பி, பாட்டி” என்றேன். அன்றாடக் காரியங்களைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சிக்குப் பிரெஞ்சுப் பெயர் அது. “ஆ, எர்கோ!” என்று உடனே பிடித்துக்கொண்டார். ஒரு தமிழ்ச்சொல்லை விளக்க பிரெஞ்சைக் கூப்பிட வேண்டியிருந்தது எனக்கு வலித்தது. இந்தத் ‘தொழில் சிகிச்சை’யை நான் பார்ப்பது முதல் தடவையும் அல்ல. திருத்திக் கொடுக்கச் சொல்லி வந்த ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன், ஆசிரியர்களுக்கான ஒரு கையேட்டில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். இனி அப்படி இருக்க முடியாது.

முதலில் மூலச்சொல். ஆங்கிலத்தில் ‘ஆக்குபேஷனல் தெரப்பி’. ஆக்குபேஷன் என்பதன் வேர் லத்தீன் ‘ஒக்குப்பாரே’: பிடித்துக்கொள்ளுதல், இடத்தை நிரப்புதல். ஒருவரின் நேரத்தையும் கையையும் மனத்தையும் எது பிடித்துக்கொள்கிறதோ அது ஆக்குபேஷன். சம்பளத்துக்குச் செய்யும் வேலை அதில் ஒரு பகுதிதான். தெரப்பி என்பதன் வேர் கிரேக்கம். பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தல் என்பது பழைய பொருள், நோய் தீர்த்தல் பின்னால் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் லத்தீனை விட்டுவிட்டு கிரேக்க ‘எர்கோன்’ என்ற சொல்லை எடுத்தார்கள். அதற்குச் செயல் என்றும் பொருள், வேலை என்றும் பொருள். சரி, வேர்க்கதை இவ்வளவு போதும்.

மொரீஷியஸில் இருக்கும் நமக்கு இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள அகராதியே வேண்டாம் என்பேன். கிரியோலில் ‘லி ஒக்கிப்பே’ என்றால் அவன் ஒன்றில் மூழ்கியிருக்கிறான் என்று பொருள். ‘ஒக்கிப் தோ ஸான்ஃபான்’ என்றால் உன் பிள்ளையைக் கவனி. இரண்டும் அதே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. காலையில் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட்டு, சட்டை மாட்டி, ஊட்டிவிட்டு, வாய் துடைத்துவிடும் பாட்டியின் வேலை முழுவதையும் கிரியோல் ‘ஒக்கிப்’ என்ற ஒரு சொல்லில் அடக்குகிறது. அந்தக் காரியங்களைப் பிள்ளை தானே செய்துகொள்ளப் பழகுவதற்குத்தான் இந்தப் பயிற்சி. வீட்டில் தினமும் காதில் விழும் சொல்லின் பொருளை விட்டுவிட்டு, மொழிபெயர்த்தவர் ஏன் ‘தொழில்’ என்று எழுதினார்?

காரணம் இல்லாமல் இல்லை. 1917இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சிலர் கூடி இந்தத் துறைக்கு முதல் சங்கம் அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். தாமே நோயில் விழுந்து, கைவேலை செய்து மீண்டவர். அது முதல் உலகப் போரின் காலம். காயம்பட்ட சிப்பாய்களுக்கும் மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களுக்கும் கூடை முடைதல், நெசவு, மரவேலை என்று கொடுத்தார்கள். அங்கே ‘தொழில்’ என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். ஆனால் அதே துறை குழந்தைகளிடம் வந்தபோது, குழந்தையின் ஆக்குபேஷன் எது என்று கேட்டுத்தான் வந்தது. விளையாட்டு, சாப்பாடு, உடுத்துதல், கழிப்பறை போதல், கிரேயான் பிடித்தல். நூறு வருடத்துக்கு முந்தைய மருத்துவமனைச் சொல்லை நாலு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பதுதான் தவறு.

தமிழாசிரியர் நண்பர் ஒருவர் இதற்கு மறுப்பு வைத்திருக்கிறார், லேசான மறுப்பும் அல்ல. “தொழில் என்றால் பழந்தமிழில் செயல்தானே? தொல்காப்பியமே தொழிற்பெயர் என்கிறது. உண்ணல், நடத்தல் எல்லாம் தொழிற்பெயர். சிவனுக்கு ஐந்தொழில் என்கிறோம். படைப்பதும் காப்பதும் சம்பள வேலையா?” என்று கேட்டார். உண்மைதான். இலக்கண வகுப்பில் நானும் அப்படித்தான் நடத்துகிறேன். ஆனால் துண்டுத்தாளை இலக்கண வகுப்பில் வைத்து யாரும் படிப்பதில்லை. இன்று தொழில் என்ற சொல்லோடு நிற்பவை தொழிற்சாலை, தொழிலாளி, தொழிற்சங்கம், தொழிலதிபர். குழந்தையையும் தொழிலையும் பக்கத்தில் வைத்தால் காதில் விழுவது ‘குழந்தைத் தொழிலாளர்’ என்பதுதான்.

அதிலும் இந்தத் தீவில். 1834 நவம்பர் 2ஆம் தேதியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்கள் ஏறிவந்த படிகளை ‘ஆப்ரவாசி காட்’ என்ற படித்துறையில் இன்றும் பார்க்கலாம். நம் தாத்தா பாட்டிகள் சிறுவயதிலேயே கரும்புக்காட்டுக்குப் போனவர்கள். தொழிலாளி என்ற சொல்லை அந்த நினைப்பு இல்லாமல் நம்மால் வாசிக்க முடியாது. இந்தப் பாட்டி கேட்ட கேள்வி அறியாமையில் வந்ததல்ல. அந்தச் சொல் அவரிடம் என்ன சொன்னதோ அதைத்தான் அவர் புரிந்துகொண்டார்.

நண்பர் அடுத்து ‘தொழில்வழிப் பண்டுவம்’ என்று ஒன்றைச் சொன்னார். சிகிச்சை வடசொல், பண்டுவம் தமிழ் என்பது அவர் வாதம். எனக்குத் தனித்தமிழ் பிடிக்கும். மாணவர்களிடம் வலியுறுத்தவும் செய்கிறேன். ஆனால் இங்கே பிழை சொல்லின் ஊரில் இல்லை, பொருளில் இருக்கிறது. முதல் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மட்டும் தூய்மையாக்கினால் பாட்டிக்குக் கூடுதலாக ஒரு புரியாத சொல் கிடைக்கும், அவ்வளவுதான். அதோடு பண்டுவம் என்றாலும் சிகிச்சை என்றாலும் நோய் ஒன்று இருக்கிறது, அது தீரும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மூளை முடக்குவாதம் தீர்ந்துபோகும் நோய் அல்ல. ‘சிகிச்சை எப்போது முடியும், கை எப்போது சரியாகும்’ என்று கேட்டுக் கேட்டு மனம் உடைந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் ‘செயல்முறை மருத்துவம்’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். பிசியோதெரப்பிக்கு இயன்முறை மருத்துவம் என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டதால் அதன் ஜாடையில் வந்திருக்க வேண்டும். தொழிலைவிட இது எவ்வளவோ மேல். செயல் என்ற சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் செயல்முறை என்றால் ஒன்றைச் செய்யும் முறை. மாணவனுக்கு அது செயல்முறைத் தேர்வு, அலுவலகத்தில் அது நடைமுறை விதி. ‘மருத்துவம்’ என்றதும் ஊசியும் மருந்தும் நினைவுக்கு வருகின்றன.

அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பாட்டியோடு ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்தேன். சின்னவனின் உயரத்துக்குச் சரியான மேசை, பாதம் தரையில் படும் நாற்காலி. பயிற்சி தரும் பெண் முதலில் அவன் இடது உள்ளங்கையை மெல்லத் தடவித் திறந்தார். கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய ஒரு கரண்டி இருந்தது. அட்டையின் விளிம்பில் துணிக்கிளிப்புகளை மாட்டவும் கழற்றவும் சொன்னார். கடைசியில் ஒரு தால் பூரியை, பருப்பு வைத்த மெல்லிய ரொட்டியை, தட்டில் வைத்தார். வலது கையால் இழுத்தால் பூரி முழுசாக நகர்ந்தது. இடது கை பிடித்துக்கொண்டால்தான் கிழியும். மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை இடது மணிக்கட்டால் அழுத்திக்கொண்டு ஒரு விரலளவு கிழித்து வாயில் போட்டுக்கொண்டான். பாட்டி எதுவும் சொல்லவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி. சுருக்கினால் செயற்பயிற்சி. தாளில் முதல் இடத்தில் ‘அன்றாடச் செயற்பயிற்சி’ என்று விரித்தும், பிறகு ‘செயற்பயிற்சி’ என்று சுருக்கியும் எழுதலாம். பேச்சுப் பயிற்சி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதன் பக்கத்தில் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். குறையும் உண்டு. பயிற்சியாளர் என்றால் விளையாட்டுப் பயிற்சியாளர் ஞாபகம் வரும். பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறிய ஒருவரை அது குறைத்துச் சொல்வதாகப் படலாம். அதனால் அவரைச் ‘செயற்பயிற்சி வல்லுநர்’ என்கிறேன். பெரியவர்களின் மருத்துவமனைப் பிரிவில் வேறு சொல் வேண்டும் என்று அந்தத் துறையினர் சொன்னால் கேட்டுக்கொள்வேன். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தத் தாளில் இன்னும் இரண்டு இடங்கள் உறுத்தின. ஒன்று ‘ஆரம்பத் தலையீடு’. தலையீடு என்றால் சம்பந்தமில்லாதவர் உள்ளே நுழைவது. அரசியல் தலையீடு, போலீஸ் தலையீடு என்று வாசிப்பவர்களிடம் உங்கள் பிள்ளையிடம் தலையிடப் போகிறோம் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். பிரெஞ்சு நிர்வாகத்தில் இருக்கும் அண்டைத் தீவான ரெயூனியனில், ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான நிலையங்களின் பெயரில் தலையீடு என்ற பேச்சே இல்லை. ‘அக்ஸியோன்’ என்றும் ‘ப்ரெகோஸ்’ என்றும்தான் இருக்கிறது. செயலும் முற்படுதலும். நாம் ‘தொடக்ககால உதவி’ என்று எளிதாகச் சொல்லலாம். இன்னொன்று ‘சிறப்புக் குழந்தைகள்’. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கே அமைந்த ஆணையத்தின் பெயரில் சிறப்பு என்ற அடை கல்வித் தேவைக்குத்தான் வருகிறது, குழந்தைக்கு அல்ல. தேவை சிறப்பானது, பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலப் பிள்ளைதான்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு உள்ள மனக்குறை இதுதான்: அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். அந்த அறைக்குள் ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் யாருக்கும் ‘தொழில்’ என்று எழுதக் கை வந்திருக்காது.

அந்தத் தாளை வெளியிட்டவர்களிடம் திருத்தத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய வரி: ‘மாற்றுத்திறன் கொண்ட சிறப்புக் குழந்தைகளுக்கு ஆரம்பத் தலையீடாகத் தொழில் சிகிச்சை வழங்கப்படும்.’ நான் எழுதியது: ‘உங்கள் பிள்ளை தானாகச் சாப்பிட, உடுத்த, விளையாடப் பழகுவதற்குச் சின்ன வயதிலேயே அன்றாடச் செயற்பயிற்சி தருகிறோம்.’ கொடுப்பதற்கு முன் பாட்டியிடம் படிக்கச் சொன்னேன். ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார். வேறு எதுவும் கேட்காமல், எந்தக் கிழமை வர வேண்டும் என்று கேட்டார்.