பிளக்-இன் ஹைபிரிட்: சின்ன பேட்டரியின் கணக்கு

பிளக்-இன் ஹைபிரிட் கார் என்றாலே இரண்டுங்கெட்டான் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய பேர். சார்ஜும் போட வேண்டும், பெட்ரோலும் ஊற்ற வேண்டும், மின் மோட்டார், பெட்ரோல் எஞ்சின் இரண்டுமே இருப்பதால் பழுதாக இடமும் கூடுதல், இதற்குப் பேசாமல் முழு மின்சாரக் காரே வாங்கிவிடலாமே என்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேட வேண்டுமானால் முதலில் பேட்டரியின் அளவைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 2010 டிசம்பரில் ஷெவர்லே வோல்ட் என்ற பிளக்-இன் ஹைபிரிட் கார் வந்தபோது அதில் இருந்தது 16 கிலோவாட்-மணி (கரண்ட் மீட்டர் கணக்கில் 16 யூனிட்) பேட்டரி, எடை ஏறக்குறைய 200 கிலோ. ஏன் அவ்வளவு சின்னது? வேலைக்குப் போய்வரும் அமெரிக்கர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு நாளில் ஓட்டுவது 40 மைலுக்குள்தான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் போட்ட கணக்கு. அரசு சோதனையில் 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர்தான் கிடைத்தது என்றாலும் கணக்கின் அடிப்படை சரிதான். தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குத் தேவைப்படுவது சுமார் 8, 9 கிலோவாட்-மணி. 75 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள மின்சாரக் காரில் அது எட்டில் ஒரு பங்கு; மிச்சம் ஏழு பங்கும் என்றைக்கோ வரப்போகும் நெடும்பயணத்துக்காகச் சும்மா கூடவே வருகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற ஒரு நாளுக்காக வருஷம் முழுக்கப் பெட்டி படுக்கையோடு ஆபீஸ் போகிற மாதிரி. டொயோட்டா இதையே மூலப்பொருள் கணக்காகச் சொல்கிறது: ஒரு நெடுந்தூர மின்சாரக் காருக்கு ஆகும் பேட்டரிக் கனிமங்களை வைத்து 6 பிளக்-இன் ஹைபிரிட்டோ பிளக்கில் சார்ஜ் போடாத 90 சாதாரண ஹைபிரிட்டோ செய்யலாமாம். ஹைபிரிட் விற்கிற கம்பெனி சொல்வது, கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

சின்ன பேட்டரியில் இன்னொரு லாபம் சார்ஜ் போடும் இடம். அமெரிக்க வீட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் கிடைப்பது சுமார் 1.4 கிலோவாட். டொயோட்டாவின் பிளக்-இன் ஹைபிரிட்டான ராவ்4 பிரைமின் 18.1 கிலோவாட்-மணி பேட்டரி அதிலேயே ஏறக்குறைய 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். 75 கிலோவாட்-மணி என்றால் இரண்டு நாளுக்கும் மேல் ஆகும்.

சரி, ஓடுவது எப்படி? சார்ஜ் இருக்கும்வரை பெரும்பாலும் மோட்டார் மட்டும்தான். சார்ஜ் ஒரு கீழ் எல்லையைத் தொட்டதும் எஞ்சின் விழித்துக்கொள்ளும், அதற்கப்புறம் கார் சாதாரண ஹைபிரிட்டாகிவிடும், கொஞ்சம் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு. ராவ்4 பிரைமில் எஞ்சின், ஜெனரேட்டர், மோட்டார் மூன்றும் ஒரே கோள் பற்சக்கர அமைப்பில் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள் உருளும் அமைப்பு) கோக்கப்பட்டிருக்கின்றன. ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே எஞ்சினை அதற்குத் தோதான வேகத்தில் ஓடவைக்க முடிகிறது. பேட்டரி முழுசாகக் காலியாவது கிடையாது. வோல்ட் கார் தன் 16 கிலோவாட்-மணியில் சுமார் 10-ஐத்தான் செலவழிக்க விடும். காரணம், சின்ன பேட்டரிக்கு வேலை அதிகம். ஏற்றத்தில் 100 கிலோவாட் கேட்டால் 75 கிலோவாட்-மணி பேட்டரிக்கு அது பெரிய விஷயமில்லை, 18 கிலோவாட்-மணிக்கோ ஒவ்வொரு செல்லும் நாலு மடங்கு உழைக்க வேண்டும், சூடும் ஏறும். போதாததற்கு தினமும் ஒரு முறை மேலிருந்து கீழ்வரை இறங்கி ஏறுகிறது. அடியிலும் மேலிலும் கொஞ்சம் தொடாமல் விட்டால்தான் ஆயுள் நீளும்.

எனக்கு இந்த வகைக் காரில் பிடித்த இடம் பெட்ரோல் டேங்க். தவறாமல் சார்ஜ் போடுகிறவருக்கு எஞ்சின் மாதக் கணக்கில் ஓடாமலே கிடக்கலாம், பெட்ரோலும் கெட்டுப்போகும். அதனால் வோல்ட் காரில் எஞ்சின் சுமார் ஆறு வாரம் ஓடவில்லை என்றால் அதுவே கொஞ்ச நேரம் ஓடிக்கொள்ளும். டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கு ஒரு வயது தாண்டினால் அதை எரித்துத் தீர்க்கப் பார்க்கும். மற்ற கார்களில் டேங்கிலிருந்து கிளம்பும் ஆவியை ஒரு கரிக்குடுவை பிடித்துவைத்து, ஓடும் எஞ்சினுக்குள் அனுப்பிவிடும். இங்கே எஞ்சின் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாதே! ஆகவே டேங்க்கையே அழுத்தம் தாங்கும்படி இறுக மூடிவிட்டார்கள். பெட்ரோல் போட பட்டனை அழுத்திவிட்டு, உள்ளே அழுத்தம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் சார்ஜ் போடுகிறவருக்குத்தான். ஐரோப்பாவில் நடந்தது வேறு. 2022-இல் வந்த, ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வின்படி, சொந்த பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் ஓடிய தூரத்தில் மின்சாரத்தின் பங்கு 45 முதல் 49 சதவீதம், கம்பெனி கார்களில் வெறும் 11 முதல் 15. பெட்ரோல் பில்லை கம்பெனி கட்டுகிறது, வீட்டுக் கரண்ட் பில் சொந்தக் காசு. கேபிளை யார் எடுப்பார்கள்? கார்களிலிருந்தே திரட்டிய தரவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் பார்த்தபோது, சாலையில் வெளியான கார்பன் டை ஆக்சைடு சோதனைக்கூடக் கணக்கைப்போல மூன்றரை மடங்கு. அந்தக் கணக்கு ஆட்கள் ஒழுங்காகச் சார்ஜ் போடுவார்கள் என்று நம்பிப் போட்டது. 2025 முதல் புதிய மாடல்களுக்கு அந்த நம்பிக்கையின் அளவைச் சட்டத்திலேயே குறைத்துவிட்டார்கள்.